எல்லார் வீட்டிலும் இருந்ததாம் மல்லாட்டை எண்ணெய்

நான் குடியிருக்கும் ஜெர்மன் ஊரின் சூப்பர் மார்க்கெட்டில் மல்லாட்டை எண்ணெய் வாங்க வேண்டுமானால் எண்ணெய் அடுக்கில் தேடக் கூடாது. அங்கே சூரியகாந்தி இருக்கும், ஆலிவ் இருக்கும், வால்நட்டில் பிழிந்த எண்ணெய்கூட இருக்கும். மல்லாட்டை எண்ணெய் சில வரிசைகள் தள்ளி, 'ஆசியா' என்று எழுதிய மூலையில், தேங்காய்ப்பால் டப்பாவுக்கும் நூடுல்ஸ் பொட்டலத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். இருமல் மருந்து அளவுக்கு ஒரு கண்ணாடிப் பாட்டில், அதன்மேல் சிவப்பு டிராகன் படம். வந்த புதிதில் நான் தேடி அலைவதைப் பார்த்து ஓர் ஊழியர் அதை எடுத்துக் கொடுத்து, "வொக்?" என்று கேட்டார். ஆங்கிலத்தில் 'வொர்க்' என்று என் வேலையைக் கேட்கிறார் என்று நினைத்து, "கிராங்கன்ஹவுஸ்" என்றேன். மருத்துவமனை என்று அர்த்தம். மனிதரின் முகம் வாடிவிட்டது. என் தோளைத் தொடாத குறையாக, "சீக்கிரம் குணமாகட்டும்" என்று சொல்லி அனுப்பினார். அவர் கேட்டது சீனச் சட்டியைப் பற்றி என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்து மூக்கருகே வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே வரவில்லை. தண்ணீருக்கு லேசாக மஞ்சள் பூசி அடைத்த மாதிரி இருந்தது.

வேறு பக்கத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: மல்லாட்டை என்பது நிலக்கடலை. கள்ளக்குறிச்சிப் பக்கம் எங்கள் வாயில் அதற்கு இதுதான் பெயர். மணிலாக்கொட்டை என்பது தேய்ந்து தேய்ந்து இப்படி ஆனது. நான் பிறந்தது ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில்; ஊருக்குள் இல்லை, ஊரைத் தாண்டி இருக்கும் காலனியில். அப்பா கரும்பு வெட்டப் போவார். அம்மா அஞ்சலை களை எடுக்க, நாற்று நட, பிடுங்கிய செடியிலிருந்து மல்லாட்டைக் காய் ஆய என்று கூப்பிட்ட கொல்லைக்கெல்லாம், அதாவது புன்செய் நிலத்துக்கெல்லாம், போவாள். நான் நர்சிங் படித்து, சென்னையில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தபோது செந்திலைச் சந்தித்தேன். அவனுக்கு மூங்கில்துறைப்பட்டுப் பக்கம். கரும்பும் மல்லாட்டையும் போடுகிற நிலக்காரக் குடும்பம். எங்கள் கல்யாணத்துக்கு அவன் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. வராதவர்கள் கண்ணில் படாத தூரமாகப் போய்விடலாம் என்றுதான் இருவருமே இந்தக் குளிர் தேசத்தில் வேலை தேடினோம் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, நல்ல சம்பளம்.

செந்தில் நல்லவன். ஆனால் வாசனையில்லாத அந்த டிராகன் எண்ணெயில் நான் கத்திரிக்காய் வதக்கும்போதெல்லாம் பின்னால் வந்து நின்றுகொண்டு பெருமூச்சு விடுவான். "எங்க வீட்ல எண்ணெய் அண்டாவுல இருக்கும் அமுதா. வருஷத்துக்கே ஆட்டி வெச்சிருவாங்க. தோசைக்கு ஊத்துனா தெரு முனை வரைக்கும் மணக்கும்" என்பான். அப்படி ஒரு தெரு முனையில் அந்த மணத்தை மோந்தபடி போனவர்களில் நானும் ஒருத்தி என்பது அவனுக்குத் தோன்றாது. நான் சொல்லவும் மாட்டேன். கல்யாணமாகிப் பல வருடங்களாக இது எங்களுக்கு நடுவில் சொல்லாமலே கிடந்தது.

எங்களுக்குக் குழந்தை பிறந்தபோது அம்மா வந்தாள். மூன்று மாத விசா. விமானத்தையே அப்போதுதான் கிட்டத்தில் பார்க்கிறவள், பெட்டியில் துணிக்கு நடுவே இரண்டு கேனில் மல்லாட்டை எண்ணெயைச் சுற்றி எடுத்து வந்திருந்தாள். ஒன்றின் மூடி கசிந்து அவளுடைய புதுப் புடவை முழுக்க எண்ணெய். அதைப் பற்றி அவள் துளியும் வருத்தப்படவில்லை. "பொடவ தோச்சாப் போச்சி. எண்ணெ மிச்சமிருக்குதா பாரு" என்றாள். கேனைத் திறந்ததும் எங்கள் அடுக்குமாடி வீட்டின் சுவர்களுக்கே அது புதிதாக இருந்திருக்கும். வறுத்த பருப்பின் வாசனையும், மழை விட்ட பின் மண் விடும் மூச்சும் கலந்த ஒரு வாசனை. அலமாரியிலிருந்த டிராகன் பாட்டிலை அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல இன்னாத்துக்கு மல்லாட்டனு எழுதி வெச்சிக்கிறாங்க? காயக் காட்டிட்டு எடுத்துக்கினாங்களா?" என்று கேட்டாள்.

இந்த நாட்டில் பிள்ளை பெற்றவளைப் பார்க்க 'ஹெபாம்மே' வீட்டுக்கே வருவார். அரசு காப்பீட்டில் வரும் மருத்துவச்சி. எங்களுக்கு வந்தவர் ஊர்சுலா என்று ஐம்பது வயதுப் பெண், கை பட்டாலே குழந்தை அழுகையை நிறுத்தும். அவருக்கும் அம்மாவுக்கும் முதல் நாளிலிருந்தே பிடித்துப்போயிற்று, ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாததால். அம்மா எனக்குப் பூண்டுக் குழம்பும் சுட்ட கருவாடும், கீரையைக் கடைந்து மேலே ஒரு கரண்டி பச்சை எண்ணெயும் விட்டுத் தருவதை ஊர்சுலா பார்த்தார். பால் கொடுக்கும் தாய்க்கு ஒமேகா மூன்று முக்கியம், அதற்கு 'லைன்யோல்' நல்லது என்று சொல்லி அடுத்த முறை வரும்போது அவரே ஒரு பாட்டில் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தார். ஆளி விதை எண்ணெய். 'சூடாக்கக் கூடாது' என்பதற்குக் கையை அப்படியும் இப்படியும் ஆட்டிக் காட்டினார். அம்மா அதை 'நன்றாக வறுக்கலாம்' என்று புரிந்துகொண்டாள். மறுநாள் அதில் கடுகு தாளித்தாள். வீடு முழுக்க மீனும் பெயிண்டும் சேர்ந்து கருகிய நாற்றம். செந்தில் எல்லாச் சன்னலையும் திறந்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தான். "அந்தம்மாவுக்கு நாம இன்னா கெடுதல் பண்ணோம்?" என்று அம்மா உண்மையாகவே கேட்டாள்.

நான் செவிலி. ஆகவே நியாயமாகவே சொல்லிவிடுகிறேன். ஊர்சுலா சொன்னது சரி. ஆளி விதை எண்ணெயில் இருக்கும் ஒமேகா மூன்று மல்லாட்டை எண்ணெயில் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் ஆளி எண்ணெய் சூடு தாங்காது. இங்கே அதை உருளைக்கிழங்கின் மேலும் தயிர்ப் பாலாடையின் மேலும் பச்சையாகத்தான் விட்டுக்கொள்வார்கள். மல்லாட்டை எண்ணெய் சூட்டைத் தாங்கும், வடையைச் சிவக்கவிடும். அதிலிருப்பது பெரும்பாலும் நிறைவுறாக் கொழுப்பு, இதயத்துக்குப் பகையில்லாதது. வைட்டமின் ஈ-யும் உண்டு. நம் ஊரில் ஒரு காலத்தில் டிவி விளம்பரங்கள் 'கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்' என்று கூவிக் கூவி மல்லாட்டை எண்ணெயைக் கொலைகாரன் போல ஆக்கினவே, அது ஒரு ஏமாற்று. எந்தச் செடியின் எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. அதே மாதிரி இன்று, 'செக்கில் ஆட்டினால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம்' என்று வாட்ஸப்பில் வருவதும் ஏமாற்றுதான். செக்கோ மிஷினோ, ஒரு கரண்டி எண்ணெய் ஒரு கரண்டி கொழுப்பு. அளவாக ஊற்ற வேண்டும். அளவாக ஊற்றுவது பற்றி எங்கள் காலனிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் வீட்டில் எண்ணெய் இருந்ததில்லை. கடையில் சின்னக் குப்பியில் வாங்குவது தாளிப்பதற்கு. அதையும் அம்மா துணி நுனியில் தொட்டுச் சட்டியில் தடவுவாள். அவள் நாள் முழுக்க ஆய்ந்து குவித்த காய் அடுத்தவர் வீட்டு எண்ணெயாக மாறி, ஆட்டி மிஞ்சிய புண்ணாக்கு அவர்கள் மாட்டுக்குப் போகும். தொட்டியில் ஊறப்போட வைத்திருக்கும் அந்தப் புண்ணாக்கில் ஒரு துண்டை உடைத்து எடுத்து வெல்லத்தோடு சேர்த்துத் தின்றிருக்கிறேன். என்னோடு காலனிப் பிள்ளைகள் எல்லாருமே தின்றிருக்கிறார்கள். எண்ணெயைப் பிழிந்த பிறகு பருப்பின் புரதம் முழுக்கப் புண்ணாக்கில்தான் தங்குகிறது என்று நர்சிங் கல்லூரியில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பூஞ்சை பிடித்த புண்ணாக்கு ஈரலைக் கெடுக்கும் என்று அடுத்த பக்கத்தில் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு வருடம் காய் விலை ஏறியது. அதுவரை செடி பிடுங்கிக் காய் ஆய்ந்தால், ஆய்ந்த குவியலிலிருந்து ஒரு பங்கு காயாகவே தருவார்கள். அந்தக் காயை விற்றுத்தான் எங்கள் பெண்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத் துணி எடுப்பார்கள். விலை ஏறியதும் கொல்லைக்காரர், இனிமேல் காய் கிடையாது, காசுதான் என்றுவிட்டார். நான் அப்போது சின்னப் பெண். அம்மாவோடு கொல்லைக்குப் போயிருந்தேன். பெண்கள் எல்லாரும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "காசு வாணாங்க. எப்பவும் குடுக்கற மாதிரி காய் குடுங்க, ஆயறோம். இல்லாட்டி எழுந்துக்க மாட்டோம்." 'ங்க' ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

கொல்லைக்காரர் மறுநாள் வெள்ளிமலைப் பக்கமிருந்து ஜீப்பில் ஆட்களை இறக்கினார். மலைப் பெண்கள் எங்களைப் பார்க்காமல் நேராகப் போய்ச் செடியைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். எங்கள் பெண்களில் சிலர் அவர்களைத் திட்டினார்கள். அம்மா திட்டவில்லை. மத்தியானம் அவர்கள் சாமைச் சோற்றை அவிழ்த்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஒங்களுக்கு இன்னா குடுக்கறேன்னாரு?" என்று கேட்டாள். காசு என்றார்கள். "போன வருஷம் வரைக்கும் நாங்க வாங்குனது காயி. அத்த ஒங்க கையால நிறுத்தப் பாக்கறாரு" என்றாள். அவர்களில் மூத்தவள் ஒருத்தி சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, "அப்ப எங்களுக்கும் காயாத் தரட்டும்" என்று சொல்லிவிட்டு அவர்கள் கூட்டத்தோடு மரத்தடிக்குப் போய்விட்டாள். அதற்குள் மேற்கே கல்வராயன் மலைமேல் கறுத்துக்கொண்டு வந்தது. முற்றிய மல்லாட்டை மழையில் நனைந்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். கொல்லைக்காரர் மலையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனத்தால் இறங்கினார் என்று நான் சொல்ல மாட்டேன். மேகம் பார்த்து இறங்கினார். இரண்டு கூட்டத்துக்கும் காய் கிடைத்தது.

அந்த வருடம் அம்மா தன் பங்கை விற்கவில்லை. காயவைத்து, உடைத்து, பருப்பைச் சாக்கில் கட்டித் தலைமேல் வைத்துக்கொண்டு எண்ணெய் மில்லுக்கு நடந்தாள். ஆட்டி முடித்ததும் மில்காரர் வழக்கம்போலப் புண்ணாக்கைத் தன் பக்கம் தள்ளினார். "அதும் எங்களுதுதாங்க. கூலி தனியாக் குடுத்துடறேன். அதயும் கட்டுங்க" என்றாள் அம்மா. வீட்டுக்கு வந்து கேவுரு, அதாவது கேழ்வரகுக் களி கிண்டி, நடுவில் குழி பறித்து, அதில் எண்ணெயை ஊற்றினாள். துணி நுனியால் அல்ல. சாய்த்து, ஊற்றினாள். நான் விரலால் தொட்டு நக்கியதும் அப்பா சத்தமாகச் சிரித்ததும் நினைவிருக்கிறது. அது பாரம்பரியம் இல்லை. எங்கள் வீட்டுக்கு அன்றுதான் வந்தது.

பிறகு நான் மேல் வகுப்புக்குப் போன காலத்தில் ரேஷன் கடையில் பாமாயில் வந்தது. அம்மா அதில் சமைத்தாள், நான் அதைத் தின்று வளர்ந்தேன். பாமாயில் என்றால் முகம் சுளிக்கிற நண்பர்களுக்குச் சொல்கிறேன்: நாங்கள் பயப்படாமல் அப்பளம் பொரிக்க முடிந்தது அந்த எண்ணெய் வந்த பிறகுதான். எதையும் பழிக்கும் முன்னால் அது யார் வீட்டு அடுப்புக்கு முதல்முறை வந்தது என்று கேளுங்கள்.

இனி நடந்ததற்கு வருகிறேன். எங்கள் நகரத்தில் கோடையில் ஒரு 'ஸோமர்ஃபெஸ்ட்' நடக்கும். ஒவ்வொரு நாட்டுக்காரரும் சந்தைத் திடலில் ஒரு கூடாரம் போட்டுச் சாப்பாடு விற்பார்கள். இங்கிருக்கும் தமிழர்கள் சேர்ந்து நடத்தும் சின்னச் சங்கமும் ஒன்று போடும். ரகுநாதன் சார்தான் சங்கத்தை நடத்துகிறவர். சென்னைக்காரர், உதவும் மனம் கொண்டவர். என் குழந்தைக்குத் தொட்டில் கொண்டுவந்து கொடுத்ததே அவர்தான். இந்த வருடம் செக்கு மல்லாட்டை எண்ணெயில் உளுந்து வடை சுடுவது என்று முடிவாயிற்று. தொலைவிலிருக்கும் ஒரு தமிழ்க் கடையிலிருந்து, இதற்கென்றே சொல்லிவைத்து, டின் டின்னாக எண்ணெய் வந்தது. கூடாரத்துக்கு முன்னால் வைக்க ஒரு பெரிய பலகையும் தயாரானது: 'ஆயிரமாயிரம் ஆண்டுகளாக ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் மணந்த எங்கள் முன்னோரின் எண்ணெய்.' ஜெர்மனில் அழகாக எழுதியிருந்தது.

"சார், மல்லாட்டை தென்னமெரிக்காவுலருந்து வந்தது. ஆயிரமாயிரம்லாம் கிடையாது" என்றேன்.

"சரி, நூறு நூறுன்னு வெச்சிக்கம்மா. இவங்களுக்கா தெரியப் போகுது?"

"ஒவ்வொரு வீட்டிலும்னு போட்டிருக்கீங்களே?"

அவருக்கு நான் கேட்டது புரியவேயில்லை. என் அம்மா வந்திருப்பது கடவுளே அனுப்பிய மாதிரி என்றார். பட்டுப்புடவை கட்டி முன்னால் உட்காரவைத்து மைக்கைக் கொடுத்தால், அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் எப்படிச் செக்கு எண்ணெயில் சமைத்து நோயில்லாமல் இருந்தார்கள் என்று நாலு வார்த்தை சொல்லட்டும், நான் ஜெர்மனில் சொன்னால் போதும் என்றார். வீட்டில் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். "பட்டுப் பொடவ எங்கிட்ட இல்ல. பேசறது பேசறேன்" என்றாள்.

விழா அன்று நல்ல வெயில். நான் செய்த முதல் வேலை, பலகைக்குப் பக்கத்தில் 'இதில் எர்ட்னுஸ் உண்டு, ஒவ்வாமை உள்ளவர்கள் கிட்டே வர வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியது. எர்ட்னுஸ் என்றால் மல்லாட்டை; சுத்திகரிக்காத செக்கு எண்ணெயில் அந்த ஆபத்து ஜாஸ்தி. 'வியாபாரத்தைக் கெடுக்கிறாள்' என்று யாரோ முணுமுணுத்தார்கள். செந்தில் பெரிய வாணலிக்கு முன்னால் நின்று வடை சுட்டுக்கொண்டிருந்தான். வாசனைக்குக் கூட்டம் சேர்ந்தது. நீல நிற நூல் புடவையில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை. ரகுநாதன் சார் மைக்கை அவள் வாயருகே பிடித்து, "சொல்லுங்கம்மா, அந்தக் காலத்துல எல்லார் வீட்டிலும் இந்த எண்ணெய்தானே?" என்றார்.

"எல்லார் வூட்லயும் இருந்துச்சுன்னு எழுதி வெச்சிக்கிறாங்களாம். எங்க வூட்ல இல்ல" என்று அம்மா ஆரம்பித்தாள். "நாங்க செடி புடுங்குனோம், காய் ஆய்ஞ்சோம், மூட்ட தூக்குனோம். எண்ணெ அவங்க வூட்டுக்குப் போச்சி. புண்ணாக்கு அவங்க மாட்டுக்குப் போச்சி. இதோ, எம்பொண்ணு, மாட்டுக்கு வெச்ச புண்ணாக்கத் தின்னு வளந்துச்சி."

ரகுநாதன் சார் என் காதருகே குனிந்தார். "அமுதா, இதெல்லாம் வேண்டாம்மா. வெளிநாட்டுக்காரங்க முன்னாடி நம்ம மானம் போகுது. பாரம்பரியம்னு ரெண்டு வரி சொல்லி முடிச்சிடு."

கூட்டம் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாணலிக்குப் பின்னாலிருந்து செந்திலும் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா சொன்ன 'அவங்க' செந்தில் வீட்டைப் போன்ற நிலக்காரர்கள் என்பது அங்கே எங்கள் இருவருக்கும்தான் முழுதாகத் தெரியும். மானம் என்று ரகுநாதன் சார் சொன்னாரே, அந்த மானத்தில் எங்கள் பங்கு எது என்று யோசித்தேன். பிறகு அம்மா சொன்னதை ஒரு சொல்கூட விடாமல் ஜெர்மனில் சொன்னேன். புண்ணாக்கை விடவில்லை. மாட்டையும் விடவில்லை.

"அப்பறம் ஒரு தபா எல்லாரும் ஒக்காந்துட்டோம், காய் குடுத்தாத்தான் ஆய்வோம்னு. மலமேல இருந்து வந்தவங்களும் எங்ககூட ஒக்காந்தாங்க. குடுத்தாங்க. அப்படிக் கேட்டு வாங்குனதுதான் எங்க எண்ணெ" என்று அம்மா முடித்தாள். "வட நல்லா இருக்குது. ஆறங்காட்டியும், சூட்டோட சாப்புடுங்க."

அதையும் சொன்னேன். ரகுநாதன் சார் மைக்கை அணைத்துவிட்டார். அப்போது கைத்தடி ஊன்றிய ஒரு முதிய பெண்மணி கூட்டத்தை விலக்கி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாகப் பேசினார். போர், அம்மா, பசி, எண்ணெய் என்று எனக்குப் புரிந்தது. நடுநடுவே 'பூஹ்எக்கர்ன்' என்றார். 'பூஹ்' என்றால் புத்தகம், 'எக்கே' என்றால் மூலை. பசியில் புத்தகத்தின் மூலையைக் கிழித்துத் தின்றார்களோ என்று நான் திகைத்து நிற்க, எண்ணெய்க் கையோடு வந்த செந்தில்தான் புரியவைத்தான். அது காட்டில் விளையும் ஒரு மரத்தின் கொட்டை. போர் முடிந்த பஞ்ச காலத்தில், அவர் சிறுமியாக இருந்தபோது, அவரும் அவர் அம்மாவும் காட்டில் மண்டியிட்டு அந்தக் கொட்டையைப் பொறுக்கி மில்லில் கொடுத்து எண்ணெய் வாங்கினார்களாம். உருளைக்கிழங்கை முதல்முறை அந்த எண்ணெயில் வறுத்த நாளை இன்னும் மறக்கவில்லையாம்.

"இந்தம்மா இன்னா சொல்லுது?" என்று அம்மா கேட்டாள்.

"அவங்களும் ஒங்கள மாதிரியேதான் அத்த. கொட்டையப் பொறுக்கி எண்ணெய் வாங்குனாங்களாம்" என்றான் செந்தில்.

அம்மா அந்தப் பெண்மணியின் முகத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "காரம் தாங்குமா தெரியல. மொளகா இல்லாத வடயாப் பாத்து ரெண்டு எடுத்தாங்க தம்பி" என்றாள்.

வடை எல்லாம் விற்றுத் தீர்ந்தது. ஆனாலும் ரகுநாதன் சார் கூடாரத்தைப் பிரிக்கும்போது என்னிடம், "நீ எங்களைக் கேவலப்படுத்திட்டே" என்றார்.

"நான் மொழிபெயர்த்தேன் சார். கேவலமா இருந்தா அது நடந்ததுலதான் இருக்கு" என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு குடும்பங்கள் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டன. தீபாவளிக் கூட்டத்துக்கு எங்களுக்கு அழைப்பில்லை. விழா நடந்த அதே வாரத்தில், சங்கத்தில் எப்போதும் சுத்தமான எழுத்துத் தமிழ் போலப் பேசுகிற ஒரு பெண் குழந்தையைப் பார்க்க வந்தாள். சமையலறையில் என்னோடு தனியாக நின்றபோது, குரலைத் தாழ்த்தி, "எங்க வூட்லயும் இல்லக்கா" என்றாள். அந்த 'வூட்ல' என்ற சொல்லை இத்தனை வருடம் அவள் எங்கே ஒளித்துவைத்திருந்தாளோ! இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம், பிறகு அவளுக்குத் தோசை வார்த்தேன்.

யாரோ எடுத்த வீடியோ மூங்கில்துறைப்பட்டு வரை போய்விட்டது. கல்யாணத்துக்கு வராத மாமனார், பேத்தி பிறந்தபோது பேசாத மாமனார், இதற்குப் பேசினார். ஸ்பீக்கரில் கேட்டேன். "ஒலகம் பூரா நம்மள நாறடிக்கறாங்களேடா, பாத்துக்கினு நிக்கறியா?" என்றார்.

செந்தில் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். "அத்த சொன்னதுல எது பொய்யின்னு சொல்லுங்கப்பா. நம்ம கொல்லையில காயா குடுத்தீங்களா, காசா குடுத்தீங்களா?"

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. செந்தில் குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு வந்தான். "எங்க வீட்டு அண்டாவப் பத்திப் பேசும்போதெல்லாம் நீ ஏன் ஒண்ணும் சொல்லல?" என்று கேட்டான். "நீ ஏன் ஒண்ணும் கேக்கல?" என்றேன். சண்டை போலத் தொடங்கியது; சண்டையாகவில்லை. அவன் எழுந்துபோய், சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மாவின் தட்டில் இன்னொரு தோசையை வைத்தான். அம்மா வழக்கம்போல எழுந்து நிற்கப் பார்த்தாள். "ஒக்காருங்க அத்த" என்றான். முதல்முறையாக, அவன் நிற்க அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஜூலைக் கடைசியில் அம்மா ஊருக்குப் போனாள். அவளை அனுப்பிவிட்டு வந்த இரண்டாம் நாள், வீட்டில் இருக்க முடியாமல் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஊர் எல்லை வரை நடந்தேன். சைக்கிள் பாதையை ஒட்டி ஒரு பெரிய வயலில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. 'ராப்ஸ்' என்று இவர்கள் சொல்லும் எண்ணெய்ப் பயிர். வசந்தத்தில் கண் கூசும் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும், இப்போது காய்ந்து பழுப்பாக நின்றது. வீடு போல உயரமான ஒரு இயந்திரம், அதற்குள் ஒரே ஒரு மனிதர். நான் அசையாமல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது. அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"வழி தவறிவிட்டீர்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"இல்லை. நான் இங்கேதான் குடியிருக்கிறேன்" என்றேன். குரல் கொஞ்சம் உரக்கத்தான் வந்தது.

அவர் தலையாட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து கொஞ்சம் விதையை எடுத்து என் உள்ளங்கையில் போட்டார். கடுகு போலக் கறுப்பு, ஆனால் கடுகு இல்லை. நகத்தால் நசுக்கியதும் விரலில் எண்ணெய் பிசுபிசுத்தது. இயந்திரம் மறுபடி புறப்பட்டது. நான் சொன்னது பொய்யில்லை, இங்கேதான் குடியிருக்கிறேன், என் மகள் இந்த ஊரில்தான் பிறந்தாள். ஆனாலும் அந்த வயலை அறுத்து முடியும்வரை அங்கேயே நின்றிருந்தேன். வரப்பு இல்லாத அந்த நிலத்தின் ஓரமெல்லாம், உட்கார்ந்திருக்கும் பெண்களை என் கண் தேடிக்கொண்டே இருந்தது.